வெட்டுநாளும் ஓய்வுநாளும்

லாபு, ரந்தாவ், சுவாபெத்தோங் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கைப்பேசியில் சதுரங்கம் ஆடும் பையன் ஒருவனாவது கண்ணில் படுவான். பிரேசிலில் இருப்பவனையும் போலந்தில் இருப்பவனையும் லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே தோற்கடித்திருப்பான். மாவட்டப் போட்டியில் தமிழ்ப்பள்ளிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவனாகவும் இருப்பான். ரேட்டிங் என்னவென்று கேட்டுப் பாருங்கள், முகம் வாடிவிடும். "ரெண்டாயிரத்துக்குக் கிட்ட வந்து நிக்குது அங்கிள். தினமும் ஆடுறேன், ஏறவே மாட்டேங்குது" என்பான்.

ஏறாததற்கு அந்தத் 'தினமும்'தான் காரணம் என்பது என் கட்சி.

புதிதாக ஆட வருபவனுக்கு இது பொருந்தாது. அவன் எவ்வளவு ஆடுகிறானோ அவ்வளவுக்கும் பலன் உண்டு. குதிரையைச் சும்மா பறிகொடுக்காமல் இருக்கக் கற்றாலே மளமளவென்று ஏறிவிடலாம். நன்றாக ஆடத் தெரிந்தவன் நிலைமை வேறு. தெரிந்த திறப்பு, தெரிந்த தந்திரம், தெரிந்த தப்பு என்று எல்லாமே அவனுக்குப் பழகிப்போயிருக்கும். நூறு ஆட்டம் ஆடினால் அந்தத் தப்பையும் நூறு முறை பழகிக்கொள்கிறான்.

அவன் ஆடுவதாகச் சொல்லும் ரேபிட், அதாவது விரைவு ஆட்டம், உண்மையில் ரேபிட்தானா என்பதே முதலில் கேள்வி. இணையத்தில் பத்து நிமிட ஆட்டத்துக்கு ரேபிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் பத்து நிமிடமும் அதற்குக் கீழும் பிளிட்ஸ். பத்தைத் தாண்டி அறுபதுக்குள் இருந்தால்தான் ரேபிட். உலக ரேபிட் போட்டியில் ஆளுக்குப் 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். யோசிக்கும் பழக்கம் வளர அந்தப் பத்து விநாடி பெரிய உதவி. தோட்டத்தில் லைன் விட்டுவிட்டு வரும் நேரங்களிலும் அது கைகொடுக்கும்.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆசைப்பட்டு உளியை ஆழமாக இறக்கினால் காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே உளி ஓடாது. வெட்டாத நாளிலும் மரம் சும்மா நிற்பதில்லை, அடுத்த வெட்டுக்கான பால் ஊறுவது அன்றைக்குத்தான். சதுரங்கத்தில் அந்த ஓய்வுநாள், ஆடிய ஆட்டத்தை எடுத்துவைத்துப் பார்க்கும் நாள். நம் பிள்ளைகள் விட்டுவிடுவது அதைத்தான்.

பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அண்மையில் ஒரு பையன் தோற்ற ஆட்டமொன்றைக் கொண்டுவந்தான். கடைசியில் எதிராளிக்கு ஒரு கோட்டையும் ஒரு சிப்பாயும், இவனுக்கு ஒரு கோட்டை மட்டும். அறிந்தவனுக்கு இது சமன். ராஜாவைச் சிப்பாயின் வழியை மறித்து நிறுத்திவிட்டு, கோட்டையைத் தன் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் வைக்க வேண்டும். எதிராளியின் ராஜா முன்னேற முடியாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தவுடன் கோட்டையைப் பலகையின் மறுகோடிக்கு ஓட்டிப் பின்னாலிருந்து செக் மேல் செக் வைக்க வேண்டும். ராஜாவுக்கு ஒளிய இடம் கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டில் பிலிடோர் காட்டிய வழி இது. பையனுக்கும் தெரியும். ஆனால் கையில் இருந்தது பதினான்கு விநாடி. பதற்றத்தில் முதலிலேயே செக் வைக்கத் தொடங்கி ஆட்டத்தை விட்டுவிட்டான்.

கைப்பேசியில் இருக்கும் சதுரங்க இயந்திரம் அந்த நகர்த்தலுக்குச் சிவப்புக் குறி போட்டிருந்தது. நான் நகர்த்தல்களுக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரக் கணக்கைப் பார்த்தேன். பதினோராவது நகர்த்தலில் ராணியால் வெட்டுவதா சிப்பாயால் வெட்டுவதா என்று ஒன்றரை நிமிடத்துக்கு மேல் யோசித்திருக்கிறான். இரண்டுமே நல்ல நகர்த்தல்தான். ஆட்டம் போனது அங்கேதான், அந்த இடத்தில் இயந்திரம் பச்சைக் குறி போட்டிருந்தது. இயந்திரம் தப்பைக் காட்டும். தப்புக்கு என்ன காரணம் என்பதை ஆடியவன்தான் தேட வேண்டும்.

இப்படித் தானே தேடும் பழக்கம் குகேஷுக்குச் சிறுவயதிலேயே கிடைத்தது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் நிலையைத் தொடும்வரை இயந்திரத்தை அண்டவிடவில்லை. சொந்த மூளையால் கணக்குப் போட்டே 12 வயதில் பட்டம் வாங்கினார். 2024 டிசம்பர் 12 அன்று, நம் சிரம்பானிலிருந்து பேருந்தில் போய்ச் சேரக்கூடிய சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அந்தக் கடைசி ஆட்டமும் சமனாகியிருக்க வேண்டியதுதான். எதிரே ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கோட்டைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு, மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் அவர் கையைவிட்டுப் போனது. உலகச் சாம்பியனே கடைசிக் கட்டத்தில் சறுக்குகிறார் என்றால், நம் பையன் முதலில் படிக்க வேண்டியது புதுத் திறப்பா, கடைசிக் கட்டமா?

'கைப்பேசி ஆட்டமெல்லாம் ஓர் ஆட்டமா' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2022 பிப்ரவரியில் இணையத்தில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ரேபிட் போட்டியில் 16 வயது பிரக்ஞானந்தா, கறுப்புக் காய்களோடு அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை 39 நகர்த்தலில் வீழ்த்தினார். அதற்கு முந்தைய சுற்றுகளில் அவர் வென்றிருந்தது ஒன்றே ஒன்று. ரேபிட் என்றால் இளவட்டங்களின் ஆட்டம் என்பவர்களுக்கு முன்னாள் உலகச் சாம்பியன் ஆனந்த் பதில் சொல்லிவிட்டார். 2017இல் ரியாத்தில் 48 வயதில், ஓர் ஆட்டமும் தோற்காமல், உலக ரேபிட் பட்டத்தை வென்றார். விரலின் வேகத்தால் வந்த வெற்றியா அது? எங்கே யோசிக்க வேண்டும், எங்கே யோசிக்காமல் நகர்த்தலாம் என்று தெரிந்திருந்த அனுபவத்தால் வந்தது.

ஆகவே என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருநாள் ஆடு, மறுநாள் பார். ஆடும் நாளில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் கைப்பேசியை மூடிவிடு. கோபத்தில் ஆடும் மூன்றாவது ஆட்டம் உன்னுடையது அல்ல. பார்க்கும் நாளில் மரப்பலகையில் காய்களை அடுக்கி, எங்கே தடுமாறினாய் என்பதை உன் கையால் எழுதிவை. இயந்திரத்தை அதற்குப் பிறகு திற.

பெற்றோருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் பல கலைந்து பிள்ளைகள் பலர் தாமான்களுக்குச் சிதறிவிட்டார்கள். பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். நான்கு பலகையும் நான்கு கடிகாரமும் போதும், 15 நிமிட ஆட்டம் நடத்தலாம். ஆடி முடித்ததும் தோற்றவனும் ஜெயித்தவனும் சேர்ந்து உட்கார்ந்து அதே ஆட்டத்தை முதலிலிருந்து பேசட்டும். ரேட்டிங் தானாக ஏறும்.