அந்த நீலக் கோடு ஏன் சில நேரம் வரமாட்டேங்குது?

போன தடவை கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றி எழுதியதற்கு "நல்லா இருந்துச்சு, ஆனா நீ படிக்கிறது கம்ப்யூட்டர்தானே?" என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டுவிட்டான். ஆகவே இது கம்ப்யூட்டர் பதிவு. டேட்டாபேஸ் பக்கமே போகாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம், நடுவில் ஆத்தங்குடி கல் எல்லாம் வருகிறது :-)

டேட்டாபேஸ் எடிட்டர்களில் ஒரு வசதி உண்டு. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ஒரு டேபிள் பெயர் மேல் மவுசைக் கொண்டுபோனால் அடியில் நீலக் கோடு விழும். கிளிக் செய்தால் அந்த டேபிள் திறக்கும். நூறு வரி ப்ரொசீஜரைப் படிக்கும்போது இது பெரிய வரம். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் எடிட்டரில் (பெயர் வேண்டாம், இலவசமாகக் கிடைப்பதைத் திட்டுவது பாவம்) இந்தக் கோடு ஒரு சொல்லில் விழும், அடுத்த வரியில் அதே சொல்லில் விழாது. காலையில் விழும், சாயங்காலம் விழாது. "மாப்ளே, உன் கைராசிதான்" என்று கிண்டல் செய்துகொண்டு இருந்தோம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆரம்பித்த பிறகுதான் உட்கார்ந்து காரணம் தேடினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கத்தில் இருக்கும் லிங்கும் இதுவும் ஒரே ஜாதி இல்லை. ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை டெட் நெல்சன் 1965-ல் அச்சில் ஏற்றினார். 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கான தன் திட்டத்தை எழுதினார். அந்த வலையின் லிங்குக்குள் போக வேண்டிய முகவரி முழுசாக இருக்கிறது. அந்தப் பக்கம் செத்துப்போயிருந்தால் 404 என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். எஸ்.க்யூ.எல்-லில் நாம் எழுதுவது வெறும் பெயர். முகவரி எங்கேயும் இல்லை. எடிட்டர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, இது யாராக இருக்கும் என்று ஊகித்துத்தான் கோடு போடுகிறது. ஊகிக்க முடியாவிட்டால் சத்தமில்லாமல் சும்மா இருந்துவிடுகிறது. எனக்கு எரிச்சலே இந்தச் சத்தமில்லாமல் இருப்பதில்தான்.

காரைக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் ஊர். ஒரு தெருவுக்குள் நின்று "லெட்சுமணன் செட்டியார் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த லெட்சுமணன்?" என்றுதான் பதில் வரும். அதற்காகத்தான் நகரத்தார் பெயருக்கு முன்னால் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எழுத்துக்களை வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயரே விலாசம். பர்மாவிலும் சிலோனிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் அந்த விலாசம்தான் கடையின் அடையாளம். டேட்டாபேஸில் ஸ்கீமா என்று சொல்வது ஏறக்குறைய இந்த விலாசம்தான். 'கடை.ஆர்டர்ஸ்' என்று எழுதினால் விலாசத்தோடு எழுதியது. 'ஆர்டர்ஸ்' என்று மட்டும் எழுதினால் தெருவில் நின்று லெட்சுமணனைக் கேட்ட கதை.

விலாசம் இல்லாமல் எழுதினால் போஸ்ட்கிரஸ் என்ன செய்யும்? சர்ச்_பாத் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசைப்படி ஒவ்வொரு ஸ்கீமாவாகப் போய்த் தேடும், முதலில் எதில் கிடைக்கிறதோ அதுதான். எடிட்டரும் அதே வரிசையைப் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில எடிட்டர்கள் பக்கவாட்டு மரத்தில் நாம் எந்த ஸ்கீமாவை விரித்து வைத்திருக்கிறோமோ அதில் தேடும்.

எங்கள் ப்ராஜெக்ட், ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறைக்கு ஆர்டர் கணக்கு எழுதும் மென்பொருள். (கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கையாலேயே ஊற்றிப் பூ வரைவார்கள். ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலும் அலுக்காது. அதைத் தனியாக எழுதுகிறேன்.) பட்டறைக்காரர் அண்ணன் தன் நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்து, நாங்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லா ஆர்டரையும் ஏற்றியிருந்தோம். அது 'கடை' ஸ்கீமா. சும்மா சோதிப்பதற்கு 'பழகு' என்று இன்னொரு ஸ்கீமா, அதிலும் ஆர்டர்ஸ் என்ற டேபிள். அதில் இருந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் சினிமா நடிகர்களும் எங்கள் ஹாஸ்டல் வார்டனும்.

ஒரு ராத்திரி நண்பன் ஒரு ப்ரொசீஜரில் 'டெலிட் ஃப்ரம் ஆர்டர்ஸ்' என்ற வரியைப் பார்த்தான். ஒழுங்கான பையன், ஓட்டுவதற்கு முன்னால் கன்ட்ரோல் அழுத்தி கிளிக் செய்து பார்த்தான். கோடு அழகாக விழுந்தது, டேபிள் திறந்தது, உள்ளே பன்னிரண்டு வரி, எல்லாம் நடிகர்கள். "டேய், எல்லாம் குப்பைதான், அழிச்சிரவா?" என்றான். அழி என்றேன். ஓட்டினான். கீழே வந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

பக்கவாட்டு மரத்தில் திறந்திருந்தது 'பழகு'. சர்ச்_பாத்தில் முதலில் இருந்தது 'கடை'. கோடு காட்டியது ஒரு டேபிள், சர்வர் அழித்தது இன்னொன்று. ஆட்டோகமிட்டை அணைத்து வைக்கும் பழக்கம் அவனுக்கு இருந்ததால் ஒரு ரோல்பேக்கில் எல்லாம் திரும்பி வந்தது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெளியில் போய் டீ குடித்துவிட்டு வந்தோம். கோடு விழாமல் இருந்திருந்தால் அவன் தேடிப் பார்த்திருப்பான். தப்பாக விழுந்த கோடுதான் அவனை நிம்மதிப்படுத்தியது.

மற்ற காரணங்கள் இவ்வளவு பயங்கரம் இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எடிட்டர் டேபிள் பட்டியலை ஒரு தடவை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பக்கத்து சீட்டுக்காரன் புதிதாக உருவாக்கிய டேபிள் அதில் இருக்காது. ரெஃப்ரெஷ் செய்தால் கோடு வந்துவிடும். காலை-சாயங்கால மர்மம் அவ்வளவுதான், கைராசி எல்லாம் இல்லை. 'வித்' போட்டு உருவாக்கும் தற்காலிகப் பெயர்களும் டேபிளுக்கு வைக்கும் செல்லப் பெயர்களும் பட்டியலிலேயே கிடையாது. அப்புறம் பெரிய எழுத்து சின்ன எழுத்து விவகாரம்: மேற்கோள் போடாத பெயரை ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும், போஸ்ட்கிரஸ் சின்ன எழுத்தாக்கும், மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் பெயர் வழக்கமாக ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பொறுத்தது. வீட்டில் விண்டோஸில் ஓடியது ஆய்வகத்து லினக்ஸில் "அப்படி ஒரு டேபிளே இல்லை" என்று சாதிக்கும்.

ஃபங்ஷனுக்குள் கோடு விழாததற்குக் கொஞ்சம் ஆழமான காரணம் இருக்கிறது. போஸ்ட்கிரஸில் ஃபங்ஷனின் உடம்பை இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவில் எழுதுகிறோம் இல்லையா, அது மொழியின் கண்ணுக்கு வெறும் சரம். கவிதை எழுதி வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். அந்தச் சரத்தைப் பிரித்து மறுபடியும் எஸ்.க்யூ.எல்-லாகப் படிக்கும் பொறுமை எடிட்டருக்கு இருந்தால்தான் கோடு. 2021-ல் வந்த 14-ம் பதிப்பில்தான், அதுவும் வெறும் எஸ்.க்யூ.எல்-லில் எழுதும் ஃபங்ஷன்களுக்கு மட்டும், உடம்பைச் சரமாக இல்லாமல் நேரடியாக எழுதலாம் என்று வந்தது. அப்படி எழுதினால் உருவாக்கும்போதே எந்த டேபிள் என்று சர்வர் முடிவு செய்து குறித்து வைத்துக்கொள்கிறது. பெயரையே துண்டு துண்டாக ஒட்டி எக்ஸிக்யூட் செய்கிற கோடுக்கு (இது நிரல் கோடு, நீலக் கோடு இல்லை, தமிழில் இந்தக் குழப்பம் வேறு) எந்த எடிட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை அண்ணனே படிக்கிற மாதிரி டேபிள்களுக்குத் தமிழில் பெயர் வைத்துப் பார்த்தேன். போஸ்ட்கிரஸ் மேற்கோள்கூடக் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. 'பொருள்' என்று ஒரு டேபிள். கொர்ரி ஓடியது. எடிட்டரில் நீலக் கோடு 'ப'வுக்குக் கீழே மட்டும் விழுந்தது!

யூனிகோடில் ப, ர, ள மட்டும்தான் 'எழுத்து' வகை. கொம்பு, கால், புள்ளி எல்லாம் 'குறி' வகை. பெயர் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க "எழுத்தா இல்லையா" என்று மட்டும் கேட்கும் நிரல், முதல் குறியிலேயே நின்றுவிடும். தொல்காப்பியர் காலத்திலிருந்து புள்ளி வைத்த எழுத்தை எழுத்து என்றுதான் சொல்கிறோம், யார் கேட்கிறார்கள். இதோடு விடவில்லை. 'பொ' வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு டேபிள்.

நீளக் கணக்கு இன்னும் வேடிக்கை. போஸ்ட்கிரஸில் பெயருக்கு 63 பைட்தான் வழக்கமான எல்லை, அதற்கு மேல் போனால் ஒரு குறிப்பு மட்டும் சொல்லிவிட்டு வெட்டிவிடும். ஆங்கிலத்தில் 63 எழுத்து. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 21. 'மாணவர்_வருகைப்பதிவேடு_பழையது' என்று உருவாக்கினேன். இரண்டாவது அடிக்கோட்டோடு 62 பைட் முடிந்தது, 'பழையது' காணோம். அடுத்து '_புதியது' உருவாக்கப் போனால் "ஏற்கனவே இருக்கிறது" என்கிறது! முழுப் பெயரையும் போட்டுத் தேடினால் சர்வர் அங்கேயும் அதே மாதிரி வெட்டிக்கொண்டு பதில் தருகிறது. எடிட்டர் பாவம், முழுப் பெயரைப் பட்டியலில் தேடுகிறது. கோடு இல்லை.

தமிழ்ப் பெயர்களை அண்ணனிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா ஆர்டர் அழியாம இருந்தாப் போதும்" என்றார்.

இப்போது ப்ராஜெக்ட்டில் எல்லா இடத்திலும் விலாசத்தோடுதான் எழுதுகிறோம்: 'கடை.ஆர்டர்ஸ்'. எதையாவது அழிப்பதற்கு முன்னால் கறுப்புத் திரையில் பிஎஸ்க்யூஎல் திறந்து, பேக்ஸ்லாஷ் டி போட்டு வெறும் பெயரைக் கொடுக்கிறோம். அது சர்ச்_பாத் வரிசைப்படியே சர்வரில் தேடிவிட்டு, தலைப்பிலேயே எந்த ஸ்கீமா என்று சொல்லிவிடும். அதே இணைப்பில்தான் அழிக்கவும் செய்கிறோம், வேறு இணைப்பில் சர்ச்_பாத் வேறாக இருக்கலாம். நண்பன் இதோடு நிற்காமல் 'பழகு' ஸ்கீமாவில் இருந்த டேபிள்கள் எல்லாவற்றுக்கும் பெயரை மாற்றிவிட்டான். அங்கே ஆர்டர்ஸ் டேபிளுக்கு இப்போது எங்கள் வார்டன் பெயர்.