சிப்பாய் இல்லாத பட்டாளம்

குன்னூர்

அன்புள்ள நிலாவுக்கு,

அமெரிக்க ராணுவ ரிசர்வின் 98-ஆம் பயிற்சி டிவிஷனில், ஒரு பிரிகேடில் உன்னைப் போட்டிருக்கிறார்களாம். அப்பா போனில் சொன்னான். "வெறும் டிரெயினிங் யூனிட்தான் அண்ணா" என்றபோது அவன் குரலில் நிம்மதி. உனக்கோ அதுதான் வருத்தமாம். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் உஸ்தாதாக இருந்து ரெக்ரூட்டுகளை மேய்த்தவன் நான். அந்த 'வெறும்' சுருக்கென்றது.

உன் டிவிஷன் 1918-இல் பிறந்தது. முதல் உலகப் போரில் கடல் தாண்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஹவாயில் காத்திருந்தது. ஜப்பான் சரணடைந்த பிறகு ஒசாகாவுக்குக் காவல் போனது. 1959-இல் அதைப் பயிற்சி டிவிஷனாக மாற்றினார்கள். கணக்கு எளியது: பெரிய போர் வந்தால் முதலில் தட்டுப்பாடாவது துப்பாக்கியல்ல, அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆள். நல்ல உஸ்தாதை அவசரத்துக்கு உருவாக்க முடியாது. அதனால் மாதம் ஒரு வாரக்கடைசி, வருடத்தில் இரண்டு வாரம் என்று அவர்களைப் பதமாகவே வைத்திருப்பது.

கணக்கு சரிதான் என்பது சீக்கிரமே தெரிந்தது. 1961-இல் பெர்லின் நெருக்கடி. கென்டக்கியின் 100-ஆம் பயிற்சி டிவிஷனை அழைத்து, ஆர்கன்சாவின் ஃபோர்ட் சாஃபி முகாமை ஒப்படைத்தார்கள். மறு வருடம் வீடு திரும்புவதற்குள் ஏறத்தாழ 32,000 பேரைப் பழக்கி அனுப்பிவிட்டார்கள்.

அமைப்புதான் எனக்கு வேடிக்கை. பிரிகேட், பட்டாலியன், கம்பெனி எல்லாம் வழக்கம்போல உண்டு. ஆனால் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சார்ஜென்ட்கள்தான், சிப்பாயே கிடையாது! ரெக்ரூட்டுகள் ஃபோர்ட் ஜாக்சன் மாதிரி முகாம்களில் இருப்பார்கள். கல்யாண மண்டபத்தில் சமையல் கோஷ்டி வந்து இறங்குவதுபோல நீங்கள் போய் இறங்கி, பிளட்டூனுக்கு இரண்டு மூன்று பேராகப் பொறுப்பேற்க வேண்டும். எங்கள் சென்டரில் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. இங்கே ரெக்ரூட்டும் உஸ்தாதும் ஒரே ரெஜிமென்ட், ஒரே கூரை.

டிரில் சார்ஜென்ட் பள்ளியை முடித்தால் உனக்குத் தொப்பி கிடைக்கும். ஆண்களுக்கு வட்ட விளிம்பு. பெண்களுக்கு 1972-இல் ஆஸ்திரேலிய பாணியில் ஒரு பக்கம் மடித்த தொப்பி வந்தது. உன் தொப்பியைப் போட்டு ஒரு படம் அனுப்பு.

'போருக்குப் போகாத யூனிட்' என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறான். 2004-இல் இதே 98-இலிருந்து சுமார் 700 பேர் ஈராக் போனார்கள், அந்நாட்டின் புது ராணுவத்துக்குப் பயிற்சி தர. ஊரில் வாத்தியாராகவும் போலீஸாகவும் இருந்தவர்கள். பயிற்சி மைதானத்தோடு வேலை முடியவில்லை. பழக்கிய ஆட்களோடு சிலர் ஃபலூஜா சண்டைக்கே போனார்கள். உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு. மொழி தெரியாத படையைப் பழக்கவா அவர்கள் தயாரானது? அனுப்பியவர்கள் இன்னும் யோசித்திருக்கலாம் என்பது என் கட்சி. இதை அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

உன் டிவிஷனின் தோள் சின்னத்தில் ஒரு இரக்குவா வீரனின் தலை இருக்கும். இறகுகளை எண்ணிப் பார்: ஐந்து. நியூயார்க் பக்கத்து ஐந்து பழங்குடிகள் சேர்ந்த இரக்குவா கூட்டமைப்புக்காக வைத்தது.

எந்தப் பட்டாலியன் என்று அடுத்த கடிதத்தில் எழுது. 389, 390, 391 என்ற ரெஜிமென்ட் எண்களில் ஒன்று வந்தால், ஒசாகா போனவர்களின் வரிசையில் நிற்கிறாய்.

அன்புடன்,
பெரியப்பா