புட்டி வைத்தியம்

எங்கள் வீட்டில் வயதானவர்கள் இருவர். ஒருவர் என் தகப்பனார், வயது எண்பது. மற்றவர் வாசலில் நிற்கும் பிரீமியர் பத்மினி கார். 1986-ஆம் வருஷத்து மாடல். முன்னவருக்கு மருந்து என்றாலே ஆகாது. பின்னவருக்கு நான் சென்ற வருஷம் மூன்று புட்டி மருந்து புகட்டினேன். இருவருடைய சுபாவத்தையும் நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது, மூன்றாவது புட்டியும் காலியான பிறகுதான் தெரிந்தது.

காரை அப்பா 1992-இல் செகண்ட் ஹாண்டாக வாங்கினார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, காருக்கு ஆறு. அதனால் அதை நான் கிட்டத்தட்ட தம்பி என்றே நினைத்து வளர்ந்தேன். பத்மினி என்று பெயர் நம்முடையதாக இருந்தாலும் பூர்வீகம் இத்தாலி. பியட் 1100 என்ற வண்டியின் வாரிசு அது. பம்பாயில் குர்லாவில் பிறந்தது. நாலு சிலிண்டர், 1089 சி.சி. எஞ்சின், தலையில் ஒரு கார்புரேட்டர். இந்த வம்சத்தில் இப்போது அதிகம் பேர் மிச்சமில்லை. பம்பாய் வீதிகளில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிக்கொண்டிருந்த பத்மினி டாக்ஸிகளுக்குக்கூட 2023 அக்டோபரோடு ஆயுள் முடிந்துவிட்டது. எங்கள் வண்டி மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், பசுமை வரியும் கட்டி, ஆயுள் நீட்டிப்பு வாங்கிக்கொண்டு வருகிறது.

சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று வழக்கம்போல வண்டியைக் கழுவினேன். பானெட்டைத் திறந்து தூசி தட்டினேன். கண்ணில் பட்ட நட்டுகளை எல்லாம் ஸ்பேனரால் என் கையாலேயே நன்றாக முறுக்கினேன். பிறகு சந்தனம், குங்குமம், பூமாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அப்பா திண்ணையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பரம திருப்தி.

பத்து நாளைக்கெல்லாம் வம்பு ஆரம்பித்தது. விசித்திரமான வம்பு. ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் நடுக்கம். சிக்னலில் பிரேக்கை மிதித்து நிறுத்தியதும் குளிர் ஜுரம் கண்டவனைப் போல உடம்பெல்லாம் உதறும். கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் இரண்டாகத் தெரியும். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் தாண்டவம் ஆட ஆரம்பித்துவிடுவார். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் நடுக்கம் அடங்கும். காலை எடுத்தால் மறுபடியும் வரும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் அப்பாவும் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போவது வழக்கம். அப்பா எப்போதும் கோயிலுக்குள் போவார் என்று சொல்ல முடியாது. சில நாள் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, "போதும், போகலாம்" என்பார். வாரத்தில் அவர் வீட்டை விட்டு வெளியே வருவது அந்த ஒரு தரம்தான்.

அப்படிப் போன ஒரு வெள்ளிக்கிழமை, மாம்பழச்சாலை சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நடுங்கிற்று, ஒரு தரம் விக்கிற்று, நின்றுபோயிற்று. ஸ்டார்ட்டர் முனகியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனை அடித்துப் பிரலாபித்தார். நான் இறங்கி, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தள்ளினேன். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஓடி வந்து கைகொடுத்தார்கள். அப்பா உள்ளே நேராகப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "முழங்கால் சரியில்லே. நீ போயிட்டு வா" என்றார். அதற்கு அடுத்த வெள்ளியும் முழங்கால். வியாழக்கிழமைகளில் அந்த முழங்கால் தெருக்கோடி வரை நடந்துபோய் வெற்றிலை வாங்கி வந்ததை நான் பார்த்தேன். ஆகவே குற்றவாளி முழங்கால் அல்ல, காரின் குலுக்கல்தான் என்று தீர்மானித்தேன். எண்பது வயது உடம்பு அந்த உதறலைத் தாங்குமா? வண்டியைச் சரி செய்தால் அப்பா வந்துவிடுவார்.

பாலக்கரையில் எங்கள் வண்டிக்கென்றே பிறந்த மெக்கானிக் ஒரு பெரியவர் இருக்கிறார். நியாயமாக நான் அவரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் அவரிடம் போவதென்றால் பரீட்சைக்குப் போவது மாதிரி. "கடைசியா எப்ப ஆயில் மாத்தினீங்க? பிளக்கை யார் கழட்டினது?" என்று கேள்விகள் வரும். பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நின்ற புட்டிகளோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'டாங்கில் ஊற்றுங்கள், ஓட்டுங்கள், நடுக்கம் போய்விடும்' என்று சொல்லிப் புன்னகை செய்தன. கேள்வி கேட்கிற வைத்தியனைவிடக் கேள்வி கேட்காத மருந்தின் மேல் மனிதனுக்கு எப்போதுமே மோகம் அதிகம்.

முதல் புட்டி, 'இஞ்செக்டர்'களைச் சுத்தம் செய்யும் மருந்து. ஊற்றி முடித்த பிறகுதான், என் வண்டியில் இஞ்செக்டரே கிடையாது என்பது ஞாபகத்துக்கு வந்தது. இருந்தாலும் அந்த மருந்தைப் பழிக்கக் கூடாது. நல்ல தரமானவற்றில் பாலிஈதர் அமீன் என்ற சரக்கு இருக்கும். வால்வுகளிலும் பெட்ரோல் போகிற வழிகளிலும் படிந்த கரிப்பிசினை அது மெல்ல மெல்லக் கரைத்து, எரியும் பெட்ரோலோடு வெளியே அனுப்பிவிடும். மாதக் கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டிகளில் பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரின் மெல்லிய துவாரங்களை அடைத்துக்கொள்ளும். அதற்கும் ஓரளவு உதவும். என் வண்டியோ ஒரு நாளும் கிடந்ததில்லை. நடுக்கம் அப்படியே இருந்தது.

இரண்டாவது புட்டி, ஆக்டேனை உயர்த்தும் மருந்து. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமை; அழுத்தத்தில் முன்கூட்டியே வெடித்துவிடாமல் தாங்குகிற குணம். அழுத்தம் அதிகமான புது எஞ்சின்களுக்கு அது தேவை. எங்கள் பத்மினியோ அழுத்தம் குறைவான சாதுவான பிராணி. கஞ்சி குடிப்பவருக்குப் பாதாம் அல்வா வாங்கிக் கொடுத்த கதைதான்.

மூன்றாவதை வாங்கக் கொஞ்சம் நியாயம் இருந்தது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் நூற்றுக்குப் பத்து, 2025-இல் இருபது என்று ஏறிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களுக்கு ஆகாது. தனக்குள்ளேயே ஆக்ஸிஜன் வைத்திருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை சற்று மெலிந்துபோகும். அந்தத் தீங்கைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டது இந்தப் புட்டி. அதையும் ஊற்றினேன். பிள்ளையாரின் தாண்டவம் நிற்கவில்லை.

"மனுஷனுக்கு டானிக் வாங்கினாலும் ஒரு தரம் டாக்டர்கிட்டே காட்டிட்டு வாங்குவாங்க" என்றாள் என் மனைவி. எழுத்தாளனின் மனைவி, சுருக்கமாகச் சொல்லத் தெரியும்.

பெட்ரோலில் மருந்து கலக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1921 டிசம்பரில் அமெரிக்காவில் டேடன் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கொஞ்சம் கலந்தால் எஞ்சினின் 'டொக் டொக்' சப்தம் மாயமாய் மறைவதைக் கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. 'எதில்' என்ற அழகான பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல்லையே காணோம். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஒரு சாலையில் ஐந்து தொழிலாளிகள் சித்தம் கலங்கி இறந்தார்கள். பயமில்லை என்று காட்டப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் மிட்ஜ்லி அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருஷம் அவரே ஈய விஷத்தால் படுத்துத் தேறியவர்! எஞ்சினின் சப்தம் அடங்கிவிட்டது. ஈயம் உலகத்தின் மூச்சில் கலந்துவிட்டது. நம் நாட்டில் 2000 பிப்ரவரியில்தான் அதற்கு முழுக்குப் போட்டோம். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்திற்று. எங்கள் பத்மினி தன் முதல் பதினான்கு வருஷமும் பெரும்பாலும் குடித்தது அந்த ஈயப் பெட்ரோலைத்தான். பங்க்கில் அப்பா பெட்ரோல் போடும்போது, வாசனை நன்றாக இருக்கிறது என்று நான் பக்கத்தில் நின்று ஆனந்தமாக முகர்ந்திருக்கிறேன்.

இன்றைய புட்டிகள் அப்படிப்பட்ட எமன்கள் அல்ல. ஆனாலும் சப்தம் அடங்கினால் நோய் தீர்ந்தது என்று நினைக்கிற புத்தி பழைய புத்திதான்.

கடைசியில் ஒரு நாள் காலை, தலையைக் குனிந்துகொண்டு பாலக்கரைக்குப் போனேன். பெரியவர் வண்டியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்து, கார்புரேட்டர் எஞ்சினோடு சேருகிற அடிப்பாகத்தைச் சுற்றி நாலு சொட்டு விட்டார். அவ்வளவுதான்! உதறிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று சாந்தமாயிற்று. பின்னால் சைலன்சரில் நீலமாகக் கொஞ்சம் புகை வந்தது. எண்ணெய் தீர்ந்ததும் மறுபடியும் உதறல்.

"ஏர் இழுக்குது, தம்பி" என்றார். "இளநியிலே போடற குழல்லே ஓட்டை இருந்தா எப்படி? அந்த மாதிரி. வேகமா போறப்ப காத்து நெறைய போகும், அதனாலே இந்தக் கொசுறு தெரியாது. ஸ்லோவிலே நிக்கறப்ப இதுவே பெரிசு."

கார்புரேட்டரைக் கழற்றினார். அதன் அடித்தட்டை ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துக் காட்டினார். இரண்டு ஓரமும் பலகையில் பட, நடுவில் மயிரிழை இடைவெளி. தட்டு வளைந்திருந்தது.

"யாரோ புண்ணியவான் நட்டை ரொம்ப முறுக்கியிருக்கான். யார் கை வச்சது?"

ஆயுத பூஜையும், சந்தனமும், என்னுடைய பரம திருப்தியும் என் மனக்கண்ணில் வரிசையாக வந்தன. "நான்தான்" என்றேன். மூன்று புட்டிகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது முழுவதையும் ஒப்புக்கொள்வதே மரியாதை.

நான் எதிர்பார்த்தபடி அவர் திட்டவில்லை. "மருந்து பொய்யில்லே, தம்பி. அழுக்கு இருந்தா கரைக்கும். ஆனா வளைஞ்சதை நிமித்துமா?" என்றார். கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, தட்டை வட்ட வட்டமாக அரை மணி தேய்த்து மட்டமாக்கினார். புதுப் பேக்கிங் வெட்டி வைத்தார். நட்டுகளை இரண்டு விரலால் மாற்றி மாற்றி அளவாக இறுக்கினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் வாங்கிக்கொண்ட கூலி, ஒரு புட்டியின் விலைகூட ஆகவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே திண்ணைக்கு வந்தேன். அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சரியாயிடுச்சு. கார்புரேட்டர் அடியிலேதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூஜையன்னிக்கு நீ முறுக்கினதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"நீ கேக்கலையே."

புட்டிகள் என்னைக் கேள்வி கேட்கவில்லை என்று சந்தோஷப்பட்டவன் நான். நானும் யாரையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "சரி, வெள்ளிக்கிழமை போகலாம். இனிமேல் குலுங்காது" என்றேன்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "குலுங்கினதுக்காகவா நான் வரலேன்னு நினைச்சே?" என்றார். "இந்த வண்டி வாங்கின புதுசிலே எத்தனை தரம் நடுரோட்டிலே நின்னிருக்கு! உன்னை ஸ்டீரிங்கிலே உட்கார வச்சிட்டு நான் பின்னாலேருந்து தள்ளுவேன். அன்னிக்கு மாம்பழச்சாலையிலே நீ இறங்கித் தள்றே; நான் மகாராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கேன். இறங்கினா உனக்கு இடைஞ்சல்; உட்கார்ந்தா உனக்குப் பாரம். அதுதான்..."

அவர் முடிக்கவில்லை. அலமாரியில் இருந்த எந்தப் புட்டியின் சீட்டிலும் இந்த நோயின் பெயரை நான் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். பாலத்தைத் தாண்டி, அதே சிக்னல், அதே சிவப்பு விளக்கு. எஞ்சின் பூனை உறுமுவது போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையார் அசையவில்லை. ஆனாலும் முப்பத்தொன்பது வருஷத்து வண்டி. நாளைக்கு வேறு எதற்காகவாவது நிற்கத்தான் செய்யும்.

"அப்பா, இனிமேல் வண்டி நின்றால் நீங்கள் இந்தப் பக்கம் நகர்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பின்னால் போய்த் தள்ளுகிறேன். ஒருவனாகத் தள்ளிக்கொண்டே ஸ்டீரிங்கையும் பிடிப்பது சிரமமாயிருக்கிறது" என்றேன்.

அப்பா யோசித்தார். இந்த வித்தையை எனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். என்றாலும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவரைப் போல என் பக்கம் திரும்பி, "செகண்ட் கியர்லேதானே போடணும்?" என்று கேட்டார்.

"ஆமாம், அப்பா" என்றேன். பச்சை விளக்கு விழுந்தது.