ஃபேன் சுத்துது... காத்து எந்தப் பக்கம் போகுது?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் திருமுக்கூடல். மாட்டுப்பொங்கல் சமயத்தில் நடக்கும் பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து இங்கே எழுந்தருளுவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் ஒன்று கூடுவார்கள். அந்த நாளில் ஆற்றுப் பாலத்திலிருந்து ஊருக்குள் வருவதற்குள் வண்டிகள் ஆமை மாதிரிதான் ஊரும்.

அப்படி ஊர்ந்த வண்டிகளில் ஒன்று 1998-ம் வருஷத்து மாருதி 800. உள்ளூரில் மூன்று ஏக்கரில் நெல்லும் கத்திரி, வெண்டையும் போடும் ஒரு விவசாயியின் கார். மூன்றாவது கையாக வாங்கியது. பாதி வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. வண்டியை ஓரம் கட்டினார்கள்.

'வெயில்ல காயுதுப்பா' என்று சொல்ல வழியில்லை. அது தை மாதக் காலை. பனிகூட முழுசாக விலகவில்லை.

அந்த வீட்டுக்கு அது வெறும் கார் இல்லை. விவசாயியின் அம்மாவுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு முறை ஏற்ற வேண்டும். அதில் மூன்று முடிந்திருந்தது. மருந்து ஏற்றிய நாளில் அந்த அம்மாவால் பஸ்ஸில் உட்கார முடியாது. வாந்தி வரும், தலை நிற்காது. பின் சீட்டில் மருமகள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வருவார். 20 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய வழியில் வண்டி கொதித்து நின்றால் என்ன செய்வது?

மூன்று பேர், மூன்று தீர்ப்பு

முதலில் பார்த்த மெக்கானிக், "தெர்மோஸ்டாட் வால்வு மாட்டியிருக்கும். கழட்டிப் போட்டுடலாம்ணே" என்றார். கழற்றினார். அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது மறுபடியும் கொதித்தது.

இரண்டாவது ஆள் ரேடியேட்டரை இறக்கி அடைப்பு எடுத்தார். கூலன்ட் புதிதாக ஊற்றினார். நான்கு நாள் நன்றாக இருந்தது போலத் தெரிந்தது. ஐந்தாம் நாள் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், முகூர்த்த நாள் ஜவுளிக் கூட்டத்துக்கு நடுவே, மறுபடியும் முள் ஏறியது.

மூன்றாவது ஆள்தான் பயமுறுத்தினார். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜின் மேல்பாகத்தை இறக்கணும். 20,000 ஆகும்." மூன்று பேருமே ஃபேனைப் பார்த்தார்கள். இன்ஜின் சூடேறியதும் ஃபேன் தானாக ஓடியது. 'ஃபேன் நல்லாத்தான் சுத்துது' என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் இருந்த ஒரு ஜோடி வளையலை அடகு வைப்பது என்று முடிவாகி, பைக்குள் எடுத்து வைத்தும் விட்டார்கள்.

மருமகளின் நோட்டு

அந்த வீட்டு மருமகளிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. மாமியாருக்கு மருந்து ஏற்றும் தேதி, ரத்தப் பரிசோதனை எண்கள், என்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதையெல்லாம் அதில் எழுதுவார். பொங்கலுக்குப் பிறகு அதன் கடைசிப் பக்கங்களில் காரைப் பற்றியும் எழுதத் தொடங்கினார். எங்கே கொதித்தது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, நின்றபோதா ஓடும்போதா, என்ன வேலை பார்த்த பிறகு என்று ஒவ்வொன்றாக.

ஒன்றரை மாதத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. விடியற்காலை காலிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முள் அசைவதில்லை. நின்றாலோ, கூட்டத்தில் ஊர்ந்தாலோதான் ஏறுகிறது.

"ஏங்க, ஓடும்போது ஒண்ணும் ஆகல. நின்னாதான் கொதிக்குது. உள்ள இன்ஜின் கெட்டிருந்தா ரெண்டுலயும்தானே கொதிக்கணும்?"

இந்தக் கேள்விதான் வளையலைக் காப்பாற்றியது.

கார் இன்ஜின் எப்படிக் குளிர்கிறது?

ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புதிதில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றிப் போய், சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே விழும். காரில் கிணறு கிடையாது. இருக்கிற நாலைந்து லிட்டர் தண்ணீரையே வாட்டர் பம்ப் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. இன்ஜினில் வாங்கிய சூட்டை ரேடியேட்டரில் காற்றிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் திரும்புகிறது.

வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நிற்கும்போது காற்று இல்லை. அப்போது காற்றை இழுத்துத் தருவதற்குத்தான் ஃபேன். பழைய ஜீப்பிலும் அம்பாசிடரிலும் இது பெல்ட்டில் எந்நேரமும் சுற்றும். மாருதி 800-ல் தனி மின்மோட்டார். தண்ணீர் போதிய அளவு சூடானதும் தெர்மோ சுவிட்ச் அதை ஓடவிடும்.

ஆகவே நின்றால் மட்டும் கொதிக்கும் வண்டியில் முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான் விழ வேண்டும். வேகத்தில் போகும்போதும், மேடு ஏறும்போதும் கொதித்தால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத வால்வு, வாட்டர் பம்ப் இவற்றைப் பார்க்க வேண்டும்.

மோட்டார் கட்டுபவர் கண்டது

மாசி மாதம் கத்திரித் தோட்டத்து மோட்டார் எரிந்து போனது. அதைக் காயில் கட்டக் கொடுப்பதற்கு வாலாஜாபாத்துக்குப் போன இடத்தில் பேச்சோடு பேச்சாகக் காரின் கதையும் வந்தது. மோட்டார் கட்டும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "கொதிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கடைசியா வண்டியில என்ன வேலை பார்த்தீங்க தம்பி?"

நோட்டு வருவதற்கு முந்தைய கதை அது. யோசித்துப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. கார்த்திகையில் ஃபேன் மோட்டாரின் கார்பன் தேய்ந்து நின்றுபோக, பழைய பார்ட்ஸ் கடையில் வேறு மோட்டார் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் சாக்கெட் இல்லை. இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மார்கழியில் காரை எடுத்ததெல்லாம் விடியற்காலை ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு மட்டும். அதனால் கோளாறு வெளியே தெரியவில்லை.

பெரியவர் எழுந்து வந்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் ஓடத் தொடங்கியது. பழைய செய்தித்தாளின் ஒரு பக்கத்தை எடுத்து வண்டியின் முன்புற கிரில்லில் வைத்தார். காகிதம் ஒட்டிக்கொள்ளாமல் வெளிப்பக்கமாகப் பறந்தது. கையை வைத்துப் பார்த்தால் முகத்தில் அடிப்பது போல அனல்.

"போன வருஷம் உங்க ஊர்ல கம்பம் விழுந்து லைன் மாத்திக் கட்டுனாங்களே, ஞாபகம் இருக்கா? ஃபேஸ் மாறிப்போய் உங்க மோட்டார் தலைகீழா ஓடிச்சு. சத்தம் வந்துச்சு, தண்ணி நூல் மாதிரிதான் வந்துச்சு. இதுவும் அதேதான் தம்பி. ஓடறது வேற, வேலை செய்யறது வேற."

அந்த வண்டியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளிக்காற்றை முன்பக்கத்திலிருந்து உள்ளே இழுக்க வேண்டும். வயர் மாறியதால் இன்ஜின் அறையின் அனலையே ரேடியேட்டர் மேல் தள்ளிக்கொண்டிருந்தது. இறக்கையின் வளைவும் ஒரு பக்கம் சுற்றுவதற்காக அமைந்தது. மறுபக்கம் சுற்றினால் காற்று குறையும். வண்டி ஊரும்போது எதிர்க்காற்றும் ஃபேன் காற்றும் மல்லுக்கு நிற்கும். 60-ல் போகும்போது எதிர்க்காற்று ஜெயித்துவிடும். நோட்டில் எழுதியிருந்தது எல்லாம் இதோடு பொருந்திப் போனது.

வண்டியை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, ஃபேன் மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றி இணைத்தார். இந்த வகை மோட்டாரில் வயரை மாற்றினால் சுற்றும் திசை மாறும். மறுபடி ஓடவிட்டபோது காகிதம் கிரில்லில் 'பட்'டென்று ஒட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் இன்ஜின் ஓடியது. ஃபேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. முள் பாதியைத் தாண்டி மேலே போகவே இல்லை. செலவு, ஒரு டேப் சுருள்.

அறுப்பதற்கு முன்...

திருமுக்கூடல் கோயில் சுவரில் 11-ம் நூற்றாண்டுச் சோழ மன்னர் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இங்கே 15 படுக்கைகளோடு ஒரு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை நடந்ததை அது சொல்கிறது. நோய் பார்க்கும் வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் வேறொருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள் என்று தனித்தனியாக ஏற்பாடு இருந்தது. கத்தி வைப்பவருக்கு முன்னால் நாடி பார்ப்பவர் வேண்டும். இன்ஜினுக்கும் அதுதான்.

ஹெட் கேஸ்கெட் போனதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வரும். ஆயில் மூடியைத் திறந்தால் மோர் கலந்தது போல வெளுத்திருக்கும். கசிவு கண்ணுக்குத் தெரியாமலே தண்ணீர் குறையும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தால் ரேடியேட்டரில் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். இதில் எதுவும் இல்லாத வண்டியில் இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால், ஏன் என்று கேட்கலாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

* காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டம் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

* சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

* ஃபேன் ஓடவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். அது சரியாக இருந்தால் ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்த வயரில் கரன்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடினால் மோட்டார் நல்லது. கோளாறு தெர்மோ சுவிட்சிலோ, ரிலேயிலோ, வயரிலோ இருக்கும். குச்சியால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் கார்பன் தேய்ந்திருக்கும்.

* ஃபேன் ஓடினால் காகிதம் வைத்துக் காற்றின் திசையைப் பாருங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென ஓடும். துண்டு, முந்தானை, விரல் எதுவும் அருகில் போகக் கூடாது.

* களத்து மேட்டில் நிற்கும் வண்டியின் ரேடியேட்டரில் பதரும் தூசியும் அடைந்துகொள்ளும். ஆறிய பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

* தெர்மோஸ்டாட் வால்வு இல்லாமல் ஓட்டுவது வைத்தியம் இல்லை. இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடும், தேய்மானமும் கூடும். அந்த வீட்டு வண்டியிலும் வால்வைத் திரும்ப மாட்டினார்கள்.

* போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து அடைக்கும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். கீழே சிந்தினால் மண் போட்டு அள்ளிவிடுங்கள். ஆடு, கன்று, நாய் நக்கிவிடும். பழைய கூலன்ட்டை வாய்க்காலில் ஊற்றக் கூடாது.

* வழியில் கொதித்தால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணையுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையலாம், வெடிக்கலாம். 20,000 ரூபாய்ச் செலவு அப்போது உண்மையாகவே வந்து சேரும்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. கிராமங்களில் இன்னும் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால், கம்ப்யூட்டர் வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கிற வசதி அதில் இல்லை. அதற்குப் பதில் எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று குறித்து வைத்த ஒரு நோட்டு போதும். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போனால் அவருக்கும் வேலை சுலபம்.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது மருந்துக்கு அந்த அம்மா அதே வண்டியில்தான் போய் வந்தார். அடகுக்கு எடுத்து வைத்த வளையல், பையிலிருந்து திரும்ப அலமாரிக்குப் போனது.