முடியாத கோர்ஸ்

ஸ்டீல் கிட்டாருக்கு அந்தப் பெயர் வந்ததே, இடது கையில் பிடிக்கும் எஃகுத் துண்டால்தான். 1874-ல் ஹவாயில் பிறந்த ஜோசப் கெக்கூக்கு, மாணவனாக இருந்தபோதே அதைப் பள்ளிப் பட்டறையில் செய்துகொண்டாராம். நம்ம ஒர்க்‌ஷாப் மாதிரிதான்!

கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிகள்மேல் அந்தத் துண்டை நகர்த்தி வாசிக்க வேண்டும். நம் கோட்டுவாத்தியமும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சுருதி போச்சு! வெர்னியர் உதவாது, காதுதான் அளவுகோல்.

என் பெரியப்பா 30 வருஷமாக வாசிக்கிறார். "இன்னும் எதுக்குப் பெரியப்பா தினமும் சாதகம்?" என்றேன்.

"காது முன்னாடி போயிட்டே இருக்குடா. கை பின்னாடியே ஓடணுமில்ல?" என்றார்.

இப்போது அவர் கை நடுங்குகிறது. ஆனாலும் மாலை 6 மணிக்கு உட்கார்ந்துவிடுவார்.

நமக்கு 3 வருஷத்தில் டிப்ளமோ. பெரியப்பாவுக்கு இன்னும் கோர்ஸ் முடியவில்லை. போன மாதம் நானும் அதில் சேர்ந்துவிட்டேன்!