தண்ணீரோடு இறங்கும் பாதை

அல்ப்ஸ் மலையிலே துவிச்சக்கரவண்டிப் பிரயாணம் என்றால் பெரும்பாலார் மனத்தில் எழுவது ஒரே காட்சிதான்: வளைந்த முதுகும், இரைக்கும் மூச்சும், வானத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஏறும் வீதியும். அக்காட்சி பொய்யன்று. எனினும், இத்தாலியின் வடகோடியில், ஒஸ்திரியாவும் சுவிற்சர்லாந்தும் வந்து முட்டும் மூலையிலே, பாட்டனும் பேர்த்தியும் ஒன்றாகச் செல்லத்தக்க பாதையொன்று உண்டு. அதன் வழியே நாம் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

அப்பள்ளத்தாக்குக்குப் பெயர் இரண்டு. அங்கே வாழ்வோருட் பெரும்பாலார் பேசும் ஜேர்மன் மொழியில் அது வின்ஷ்காவ். இத்தாலிய மொழியில் வால் வெனோஸ்தா. முதலாம் உலகப்போர் முடியும்வரை ஒஸ்திரியப் பேரரசுக்கு உரியதாயிருந்த அந்நிலம், 1919 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் இத்தாலிக்குச் சென்றது. ஆதலால் ஊர்தோறும் பெயர்ப்பலகையில் இரண்டு பெயர்கள். வழி கேட்பவர் இரண்டையும் அறிந்துவைத்திருத்தல் நலம்.

வடக்கே ரெஷென் கணவாய், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரம். தெற்கே மெரான் நகரம், முந்நூறு மீற்றருக்குச் சற்று மேல். இடையே ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கணவாயின் அருகிலே ஊற்றெடுக்கும் எற்ஷ் ஆறு (இத்தாலியர் அதனை அடிஜே என்பர்) வழிநெடுகத் துணையாக வருகின்றது. வல்லவர் ஒரே நாளில் முடித்துவிடுவர். அவ்வாறு முடிப்பது விருந்துக்குப் போய் இலையைப் பார்த்துவிட்டு எழுவதற்கு ஒப்பாகும் என்பது எமது எண்ணம். இரண்டு நாட்களாவது வேண்டும்.

கணவாயைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் நீண்டதோர் ஏரி. அதன் நடுவே, கரையிலிருந்து சில பாகம் தள்ளி, ஒரு மணிக்கோபுரம் தனியே நிற்கின்றது. கோயில் இல்லை, கூரை இல்லை, நீரிலிருந்து நேரே எழுந்த கல்லும் கூம்பு முடியுமே உள. வழிப்போக்கர் அனைவரும் அங்கே இறங்கிப் படம் பிடிக்கின்றனர். படம் அழகாகத்தான் விழும். ஆனால் அந்த நீரின் அடியில் ஓர் ஊர் இருந்தது.

அவ்வூரின் பெயர் கிரவுன். முன்னர் அங்கே இயற்கையான ஏரிகள் தனித்தனியே இருந்தன. அவற்றிடையே வயலும் வீடும் இருந்தன. 1939 இல் மொன்ரெகற்றினி என்னும் பெருங் கம்பனி, மின்சாரம் எடுக்கும் பொருட்டு நீர்மட்டத்தை 22 மீற்றர் உயர்த்தத் திட்டமிட்டது. ஜேர்மன் பேசும் குடியானவர்க்கு அறிவித்தல் இத்தாலிய மொழியிலே ஒட்டப்பட்டது. போர் வந்து வேலையைத் தாமதப்படுத்தியதே அன்றித் தடுக்கவில்லை. ஊர்க் குருவானவர் உரோமாபுரி சென்று பாப்பரசரிடமும் முறையிட்டார். பயனில்லை. 1950 ஆம் ஆண்டு கோடையில் மணிகள் இறக்கப்பட்டன, வீடுகள் தகர்க்கப்பட்டன, நீர் ஏறிற்று. 163 வீடுகளும் 523 ஹெக்டேயர் விளைநிலமும் மறைந்தன. பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் பழஞ்சின்னம் என்று விடப்பட்டது. மனிதர் குடியிருந்த வீட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

மாரிகாலத்தில் ஏரி உறைந்துவிடும். அப்போது கோபுரத்தடிக்கு நடந்தே போகலாம். குளிர் இரவுகளில் மணியோசை கேட்பதாகச் சொல்வோரும் உளர். மணிகள்தாம் முன்னமே இறக்கப்பட்டனவே என்று நாம் வாதாடப் போவதில்லை. 2021 இல் பராமரிப்பு வேலைக்காக நீரைக் குறைத்தபோது, எழுபது ஆண்டுகளின் பின்னர் படிக்கட்டுகளும் சுவர்த்தளங்களும் சேற்றிலிருந்து வெளிப்பட்டன. ஏரியின் நீர் இன்று மலையினுட் குடைந்த வழியே கீழேயுள்ள மின்னிலையத்துக்குச் செல்கின்றது. பின்னர் நாம் விடுதியில் விளக்கைப் போட்டபோது அந்தக் கோபுரம் நினைவுக்கு வந்தது.

ஏரியைத் தாண்டினால் பாதை சரேலென்று இறங்குகின்றது. மலையாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் பெரிய விசிறிபோல் விரிந்து கிடக்கும் சரிவு அது. வலப்புற மலைகளின் மேலே ஓர்ட்லர் சிகரம், 3905 மீற்றர், பனிமுடி தரித்து நிற்கின்றது. வலப்புறச் சரிவிலே வெள்ளைக் கோட்டைபோல் தோன்றுவது மரியன்பேர்க் துறவிமடம். எதைப் பார்ப்பதாயினும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். இச்சரிவிலே பிறேக்கைவிட்டுக் கையெடுப்பது புத்தியன்று.

இவ்வளவு பனியைக் கண்டவர், இங்கே தண்ணீருக்குப் பஞ்சம் என்றால் நம்பமாட்டார். ஆனால் சுற்றிலும் நிற்கும் உயர்மலைகள் முகிலைத் தடுத்துவிடுவதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீற்றர் மழையே பள்ளத்தாக்கின் அடியில் விழுகின்றது. யாழ்ப்பாணத்திற் பெய்யும் மழையிற் பாதியும் இல்லை! தெற்கு நோக்கிய மலைமுகம் வெயிலிற் காய்ந்து, முள்ளும் பழுப்புப் புல்லுமாய்க் கிடக்கின்றது. எதிரே வடக்கு நோக்கிய முகத்திலே அடர்ந்த காடு. ஆற்றுக்கு இப்பால் ஒரு தேசம், அப்பால் ஒரு தேசம் போலிருக்கின்றது.

ஆகவே இம்மக்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பனியாற்று நீரை மலைச்சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்தனர். அவ்வாய்க்காலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வால்’. நமது வாய்க்காலின் முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் சேர்த்தாற்போல ஒலிக்கிறதே தவிர, உறவு ஒன்றும் இல்லை. பாறை குறுக்கிட்ட இடத்திலே மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டு நீரை நடத்தினர். யார் வயலுக்கு எந்த நேரம் என்று முறை வகுத்தனர். வாய்க்காலைக் காக்க ஒரு காவற்காரரும் உண்டு. நீரோட்டத்திலே சிறு சக்கரமொன்று சுழலும். அது ஒரு சுத்தியலை இயக்கி மணியை அடிக்கும். மணி அடிக்கும் வரையில் நீர் ஓடுகின்றது என்று பொருள். மணி நின்றால் எங்கோ உடைப்பு அல்லது அடைப்பு. காவற்காரர் நள்ளிரவாயினும் எழுந்து ஓடவேண்டும். ஓசை கேட்டு விழிப்பவரை நாம் அறிவோம். இவரோ ஓசை நின்றதும் விழித்தவர். இன்று குழாய்ப் பாசனம் பரவிவிட்டது. ஆயினும் பல வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் கரையோர ஒற்றையடிப் பாதைகள் நடப்போர்க்கு உரியவை. வண்டியைக் கீழே பூட்டிவைத்துவிட்டு ஏறிச் செல்க.

குளூர்ன்ஸ் என்னும் சிற்றூருக்கு ஒரு மணிநேரம் போதும். ஊர் என்றோம், அது முறைப்படி நகரம், ஏறத்தாழ 900 பேர் வாழும் நகரம். 1499 இல் நடந்த கால்வென் போரில் அழிந்தபின் எழுப்பிய மதில் முழுவதும் குலையாமல் நிற்கின்றது.

அதற்கு அப்பால் பிராட் என்னும் ஊரின் பக்கமாக, மெலிந்த வண்டிகளும் மெலிந்த மனிதருமாய்ச் சிலர் பிரிந்து செல்வர். அவர்கள் போவது ஸ்ரெல்வியோ கணவாய்க்கு. 2757 மீற்றர் உயரம். இப்பக்கத்தில் மட்டும் 48 கொண்டையூசி வளைவுகள். 1820 முதல் 1825 வரை கார்லோ டொனெகானி என்னும் பொறியியலாளர் ஒஸ்திரியப் பேரரசுக்காக அமைத்த வீதி அது. 1953 ஆம் ஆண்டு இத்தாலிச் சுற்றுப்போட்டி முதன்முறையாக அவ்வழியே ஏறியபோது, பவுஸ்தோ கொப்பி என்னும் மாவீரர் சுவிஸ் வீரர் கோப்லெற்றை இங்கேதான் பின்தள்ளி வெற்றிகொண்டார். நாம் அண்ணாந்து பார்த்ததோடு அமைந்தோம். மின்னோட்டி பூட்டிய வண்டிகள் வந்தபின் நரைத்த தலைகளும் அங்கே ஏறுகின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

லாஸ் என்னும் ஊரிலே வீதியோரக் கல்லும் வெண்பளிங்கு. இரண்டாம் உலகப்போரில் இறந்த அமெரிக்க வீரரின் கல்லறைகளுக்கு இவ்வூர்ப் பளிங்கிலிருந்து பல்லாயிரம் சிலுவைகள் வெட்டப்பட்டன.

அதன்பின் அப்பிள், அப்பிள், அப்பிள்! பாதையின் இருமருங்கும் கையெட்டும் உயரத்திற் கம்பியில் வரிசையாகக் கட்டிய மரங்கள். சித்திரை மாதத்திலே பூக்கும் வேளையில் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கினால் ஆண்டு விளைச்சலே அழியும். அவ்விரவுகளிற் குடியானவர் செய்யும் காரியம் விந்தையானது: பூவின்மேல் விடிய விடிய நீர் தெளிக்கின்றனர்! நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும் என்பது பௌதிகவியல் படிக்கும் மாணவர் அறிந்ததே. பூவைச் சுற்றிக் கண்ணாடிபோற் பனிக்கட்டி படிகின்றது. உள்ளே பூ உறைநிலையின் விளிம்பில் நின்று பிழைக்கின்றது. தெளிப்பது இடையில் நின்றால் எல்லாம் போயிற்று. காலை வெயிலில் அத்தோட்டங்கள் பளிங்கு மாளிகைபோல் ஒளிரும்.

அப்பிளாலே செல்வம் வந்தது, வழக்கும் வந்தது. மேலே மால்ஸ் என்னும் ஊரார், தோட்டங்கள் தம் பக்கம் ஏறிவருவதைக் கண்டு, தெளிக்கும் நஞ்சுமருந்துகள் வேண்டாமென 2014 இல் வாக்கெடுப்பு நடத்தினர். வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தடையை ஆதரித்தனர். பின்னர் நீதிமன்றம் அந்த ஊர்விதியை நீக்கிவிட்டது. அழகிய தோட்டத்தினூடே செல்லும் பிரயாணி இதனை அறியாமற் போவது எளிது.

மெரானை அணுகுமுன் பார்ச்சின்ஸ். பேற்றர் மிற்றர்ஹோவர் என்னும் தச்சர் (1822–1893) மரத்தாலே தட்டெழுத்துப் பொறி செய்து, அதனைச் சக்கரவர்த்திக்குக் காட்ட வியன்னா வரை நடந்தே போனார் என்பர். இவ்வூரில் தட்டெழுத்துப் பொறிக்கென்றே ஒரு நூதனசாலை உண்டு. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்க.

இறுதிச் சரிவில் இறங்கினால் மெரானில் ஈச்சமரம்போன்ற பனையினங்கள் தலையசைக்கின்றன. கோபுரத்தடியில் அணிந்த கம்பளிச்சட்டை இங்கே பைக்குள் போகின்றது. மீண்டும் மேலே செல்ல எவரும் கால் நோக வேண்டியதில்லை. 1906 இல் திறந்து, 1990 ஆம் ஆண்டளவில் மூடி, 2005 இல் மறுபடியும் திறந்த புகையிரதப்பாதை மெரானிலிருந்து மால்ஸ் வரை 60 கிலோமீற்றர் செல்கின்றது, அப்பால் பேருந்து. ஒரு நிலையத்தில் வாடகைக்கு எடுத்த வண்டியை இன்னொரு நிலையத்திற் கொடுத்துவிடலாம். மின்மயமாக்கும் வேலைகளுக்காகப் புகையிரதம் நின்றிருந்த காலங்களும் உண்டாதலின், புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. ஆறு மட்டும் திரும்புவதில்லை. பொல்சானோவின் அருகாகச் சென்று, வெரோனா நகரையும் கடந்து, 410 கிலோமீற்றர் ஓடி அத்ரியாத்திக் கடலிற் கலக்கின்றது. வெரோனா வரையிலும் அதனோடு துவிச்சக்கரவண்டிப் பாதை செல்கின்றது.