கலங்கிய குளத்துக்கு ரெண்டு நாள் அவகாசம்!

போளூர் என்றதும் பலருக்குத் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்தான் நினைவுக்கு வரும். இது வேறு போளூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போனால் வரும் மேல்மலைக் கிராமம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் பூமி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மேல்மலைப் பக்கத்துப் பயிர்தான்.

குளிருக்குப் பேர்போன இந்தப் பகுதியில் நீச்சல்குளத்தோடு ஒரு வீடு என்பதே அதிசயம். மதுரைக்காரர் ஒருவர் கட்டிய வீடு அது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து போவார். மற்ற நாள்களில் வீட்டையும் குளத்தையும் பார்த்துக்கொள்வது உள்ளூர்க்காரர் ஒருவரும் அவர் மனைவியும்.

கோடை மழை சும்மா வருவதில்லை. முன்னால் ஒரு சூறைக்காற்றை அனுப்பிவிட்டுத்தான் வரும். காய்ந்து கிடக்கும் தோட்டத்துப் புழுதி, பைன் மரத்தின் மஞ்சள் மகரந்தம், யூகலிப்டஸ் இலை என எல்லாவற்றையும் காற்று தூக்கிவர, மழை அதைக் குளத்தில் இறக்கிவிடும். அப்படி ஒரு புதன்கிழமை ராத்திரி அடித்த மழையில், மறுநாள் காலையில் குளம் டீத்தண்ணி நிறத்தில் கிடந்தது.

மழைத்தண்ணீர் சுத்தமாச்சே என்று நினைப்போம். ஆனால், மேகத்தில் ஒரு துளி திரள்வதற்கே நுண்ணிய தூசோ உப்புத் துகளோ வேண்டும். கீழே இறங்கும் வழியில் காற்றில் மிதப்பதையும் அது கழுவிக்கொண்டு வரும். 2001 ஜூலை முதல் செப்டம்பர் வரை, பழனி மலைக்குப் பக்கத்திலிருக்கும் இடுக்கியிலும் கோட்டயத்திலும் சிவப்பு நிறத்தில் மழை பெய்தது. அந்த நிறத்துக்குக் காரணம் ஒருவகைப் பாசியின் வித்துகள் என்று மத்திய அரசுக்காக நடந்த ஆய்வு சொன்னது.

விஷயம் கேள்விப்பட்டதும் மதுரையிலிருந்து போன் வந்தது. ``அண்ணே, சனிக்கிழமை பிள்ளைங்க வர்றாங்க. மொத்தத் தண்ணியையும் இறக்கிட்டுப் புதுசா நிரப்பிடுங்க.''

``இறக்க வேணாம் சார். ரெண்டு நாள் குடுங்க, தெளிய வச்சிடுறேன்.''

``அதான் மழை பெய்யுதே, தண்ணிக்கு என்னண்ணே பஞ்சம்?''

``ஒரு மழைதான் சார் பெஞ்சிருக்கு. ஓடையில இன்னும் தண்ணி ஏறல. கீழ இருக்கிற தோட்டம் எல்லாம் அந்த ஓடையை நம்பித்தான் இருக்கு. நாம ராத்திரி பகலா இழுத்தா அவங்க என்ன பண்ணுவாங்க?''

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 2019-ல் சென்னை தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அந்த ரயிலின் ஒரு வேகனில் வந்தது 50,000 லிட்டர். ஏறக்குறைய ஒரு வேகன் தண்ணீர் ஒரு வீட்டுக் குளத்தில் நிற்கிறது. ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். அந்தக் கணக்கில் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இது ஏழு மாதத் தண்ணீர்!

காலி செய்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மழைக்குப் பிறகு சுற்றியுள்ள மண்ணில் தண்ணீர் ஊறி நிற்கும். அது தொட்டியை அடியிலிருந்து மேலே தள்ளும். குளத்துக்குள் இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் காலி செய்தால் தரை விரிசல் விடலாம், சில சமயம் தொட்டியே கிளம்பிவிடலாம்.

அன்று பகலில் வலையால் இலை தழையை அள்ளி முடித்தார். சாயங்காலம் படிகாரம். மண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். படிகாரம் அந்த விலகலைக் குறைத்து, துகள்களைத் திரட்டிக் கீழே இறக்கும். ஆயிரம் லிட்டருக்கு 40 கிராம் வீதம் சுமார் 2 கிலோ. முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் போட்டுத் தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மொத்தத்தையும் கரைத்துப் பரவலாக ஊற்றி, மணல் வடிகட்டிக்குள் போகாமல் தண்ணீர் சுற்றும்படி வால்வைத் திருப்பி ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டினார். அப்புறம் நிறுத்திவிட்டார். ராத்திரி முழுக்க யாரும் தண்ணீரைத் தொடவில்லை.

``எங்க அம்மா மண்குடத்து உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்ச்சுட்டுத் தண்ணி ஊத்துவாங்க. காலையில கலங்கல் எல்லாம் அடியில நிக்கும். இதுவும் அதேதானே?'' என்றார் மனைவி. அவருக்குப் பிறந்த வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். அவர் கேட்டது சரிதான். தேற்றாங்கொட்டையும் மண்ணை ஒன்றுதிரட்டித்தான் கீழே இறக்குகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் மண் தரையில் படிந்திருந்தது. வேக்கம் குழாயை மெதுவாக, மிக மெதுவாக நகர்த்தி அதை வெளியே இழுத்தார்கள். அவசரப்பட்டால் மறுபடி கலங்கிவிடும். குளோரின் போடுவதற்கு முன்பே இதைச் செய்ததில் ஒரு லாபம். வெளியேறிய சேற்றுத் தண்ணீரை ஓடையில் விடாமல் வேலியோர மரங்களுக்குப் பாய்ச்ச முடிந்தது.

அன்று சாயங்காலம்தான் பிளீச்சிங் பவுடர். வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு போடுவதே நல்லது. 30 சதவிகித குளோரின் உள்ள பவுடர் என்றால் இந்தக் குளத்துக்குச் சுமார் 300 கிராம். வாளித் தண்ணீரில் பவுடரைப் போட வேண்டும். பவுடர்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆசிட் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஊற்றினார். பிறகு மணல் வடிகட்டி ராத்திரி முழுக்க ஓடியது.

சனிக்கிழமை காலையில் டெஸ்ட் கிட்டில் குளோரின் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டியது. 1 முதல் 3 வரை இருக்கலாம். பி.எச். 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். மழையும் படிகாரமும் அதை இறக்கியிருந்ததால் கொஞ்சம் சோடா ஆஷ் சேர்த்தார்.

பிள்ளைகள் கார் கதவைத் திறந்ததும் குளத்துக்குத்தான் ஓடிவந்தார்கள். ``இருங்க தம்பி'' என்று நிறுத்தி, ஆழமான பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டார். கலங்கிய குளத்தில் ஒரு குழந்தை மூழ்கினால் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. தரை தெரியாத தண்ணீரில் யாரையும் இறக்கக் கூடாது என்பது அவர் வைத்திருக்கும் சட்டம்.

நாணயம் பளிச்சென்று தெரிந்தது.

மதுரைக்காரர் குளத்தின் விளிம்பைப் பார்த்தார். தண்ணீர் நாலு விரற்கடைதான் இறங்கியிருந்தது. சுமார் 2,500 லிட்டர். ``இவ்வளவுதான் போச்சாண்ணே?'' என்றார்.

``அதுவும் வேலியோர மரத்துக்குத்தான் சார் போச்சு.''